பூ விழுந்தால் ஆம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நான் பேசாமல் இருந்தது போதும். இந்தக் குடும்பத்துக்குள் மாப்பிள்ளையாக நுழைந்த நாள் முதல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்தக் கட்டை இன்று அவிழ்க்கிறேன். அதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். மகள் வீட்டில் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் தேவலையா? பேரப்பிள்ளைகள் உங்களைத் தூங்க விடுகிறார்களா? இங்கே எல்லோரும் சுகம். காலை நேரங்களில் ரொம்பவே சுகம். காரணம் உங்களுக்கே தெரியும்.

நேற்று தொலைபேசியில் நீங்கள் சொன்னதை உங்கள் தங்கை ஒரு சொல்லையும் விடாமல் என்னிடம் ஒப்பித்தாள். "எல்லாரும் எனக்கு எதிரா சொன்னாங்க, போகட்டும். உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியணும். பூவைப் பார்த்துச் சொன்னாரா, மனசைப் பார்த்துச் சொன்னாரா? அவரே கைப்பட எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அதைப் படிச்சுட்டுத்தான் நான் திரும்பி வர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் என் முன்னால் பேனாவை வைத்தாள். காகிதத்தையும் வைத்தாள். உறையையும் அதன்மேல் ஒட்ட வேண்டிய தபால்தலையையும்கூட வைத்தாள். இத்தனை வருடத்தில் நான் கேட்காமலே அவள் என் முன்னால் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தது இதுதான் முதல் தடவை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் பழைய பாக்கி ஒன்று. எங்கள் கல்யாண வரவேற்பில், என் பேராசிரியர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தபோது, உங்கள் ஆலைச் சிநேகிதர் ஒருவர் "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்டார். புள்ளியியல் என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "எண்ணுறதுக்குப் படிச்சிருக்கார்" என்றீர்கள். "எண்ணுறதுக்கா? அதை நாங்க ஒண்ணாங்கிளாஸ்லயே முடிச்சுட்டோமே!" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. என் பேராசிரியரும் சிரித்தார். மணமேடையில் இருந்தவன் நான் என்பதால் நானும் சிரித்தேன். மச்சான், மனசில் இல்லாத சிரிப்பை நான் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் முறை. பிற்காலத்தில் அதையே ஒரு பயிற்சியாக்கி, காலை ஆறு மணிக்கு முற்றத்தில் நிற்கவைத்து, என் வாயிலிருந்து வரவழைப்பீர்கள் என்று அன்று எனக்குத் தெரியாது.

ஆலையில் ஓய்வு பெற்று வந்தீர்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆனீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தீர்கள், லிஃப்டை ஓடவைத்தீர்கள், முதல் மாடிப் பல் டாக்டருக்கு நெஞ்சு வலி வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள், கீழ்த்தளத்துத் தையற்கார அம்மா வீட்டில் புகுந்த மழைநீரை விடிய விடிய வாளியால் இறைத்துக் கொட்டினீர்கள். யார் மறுத்தார்கள்? பிறகு எங்கோ ஒரு ஊருக்குப் போய்வந்து, அங்கே பூங்காவில் ஜனங்கள் கூட்டமாக நின்று காரணமே இல்லாமல் சிரிப்பதைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். பார்த்ததோடு விட்டிருக்கலாம். மறுநாளே அறிவிப்புப் பலகையில் "சிரிப்புப் பயிற்சி, தினமும் காலை, அனைவரும் வருக" என்று எழுதி, "அனைவரும்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டீர்கள்.

அந்தச் சிரிப்புகளை இன்று நினைத்தாலும் எனக்குக் கழுத்து வலிக்கிறது. குக்கர் சிரிப்பு என்று ஒன்று, மூன்று தடவை உஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு வெடிக்க வேண்டும். செல்போன் சிரிப்பு என்று ஒன்று, காதில் கையை வைத்துக்கொண்டு, இல்லாத ஆள் சொன்ன இல்லாத ஜோக்குக்குச் சிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் சிங்கச் சிரிப்பு, இரண்டு கையையும் நகம் போல மடக்கித் தலைக்குமேல் தூக்கி, நாக்கை நீட்டிக்கொண்டு. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். என் மாணவன் ஒருவன் பத்திரிகை போட வந்த சமயத்தில் நான் அந்தக் கோலத்தில் நின்றேன். நாக்கு வெளியே இருந்ததால் அவனுக்கு என்னால் வணக்கம்கூடச் சொல்ல முடியவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு விஷயம் பிடிக்காமல் இருக்கும். ஆனால் மற்ற எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். சமூகவியல்காரர்கள் இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று விளக்க அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம் முற்றத்தை வந்து பார்த்திருந்தால் ஒரு பக்கத்தில் முடித்திருப்பார்கள். பிடிக்காதவன் முகத்தைச் சுளித்தால் அல்லவா பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும்? சுளிக்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். என்னைப் பார்த்துப் பல் டாக்டர், ஆகா இவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறார். அவரைப் பார்த்து நான் அப்படியே நினைக்கிறேன். லிஃப்டில் ஒருநாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"சிரிப்பெல்லாம் எப்படிப் போகுது டாக்டர்?"

"ரொம்ப நல்லா இருக்கு சார். உங்களுக்கு?"

"ரொம்ப."

அதற்குப் பிறகு இருவரும் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தபோது அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்குத்தான் சார் உள்ளேயிருந்து வரமாட்டேங்குது. எல்லாருக்கும் வருது. என்கிட்ட ஏதோ கோளாறு போல" என்றார். மச்சான், வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வாயைப் பார்த்தே சம்பாதித்த மனுஷனுக்கே எது நிஜச் சிரிப்பு, எது பொய்ச் சிரிப்பு என்று தெரியவில்லை.

உங்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. மூன்று ஆதாரம் வைத்திருந்தீர்கள். ஒன்று, வாக்கெடுப்பு. சிங்கச் சிரிப்பின் நடுவில், "இது பிடிச்சவங்க எல்லாம் கை தூக்குங்க பார்ப்போம்!" என்று கேட்டீர்கள். தூக்கிய கைகளோடு நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்துவிட்டு, "ஏகமனதா!" என்று அறிவித்தீர்கள். இரண்டு, ஆரோக்கியம். தொடர்ந்து வருகிறவர்களில் ஒருவருக்குக்கூட முதுகுவலி இல்லை என்றீர்கள். முதுகுவலி வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், ஐயா! படுக்கையில் கிடக்கிறவனை விட்டுவிட்டு நிற்கிறவனை மட்டும் எண்ணினால், நிற்கத் தெம்புள்ளவர்கள் அத்தனை பேரும் தெம்பாக இருப்பார்கள். மூன்று, சத்தம். செல்போனில் சத்தத்தை அளந்து, சராசரி போட்டு, வாராவாரம் ஏறுமுகமாக ஒரு வரைபடம் ஒட்டினீர்கள். அது ஏறியது நான்காம் மாடி 'சங்கு' வந்து சேர்ந்த பிறகு. ஆலைச் சங்கு போலக் குரல் இருப்பதால் நீங்களே அவருக்கு வைத்த பெயர் அது. அவர் ஒருவர் சிரித்தால் பதினைந்து பேர் வாயை மட்டும் அசைத்தாலும் சராசரி இறங்காது. நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இதையெல்லாம் அப்போதே உங்களிடம் சொன்னேன். என்ன பதில் சொன்னீர்கள்? "மாப்ள, உங்க கணக்கு காகிதத்துல நல்லாத்தான் இருக்கும். மனுஷங்களுக்கு ஒத்துவராது. கொஞ்சம் சிரிங்க, எல்லாம் சரியாப் போயிடும்." மறுநாள் என்னை முன்வரிசைக்கு மாற்றினீர்கள்.

அதையும் பொறுத்தேன். ஆனால் பயிற்சி மாலையிலும் உண்டு என்று நீங்கள் திட்டம் போட்டதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். காலையில் இருவரும் முற்றத்துக்கு ஓடுகிறோம், அங்கிருந்து நான் கல்லூரிக்கு ஓடுகிறேன். இரவு சாப்பிட்டதும் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். நடுவில், நான் வீடு திரும்பிய பிறகு, பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு, டீயும் கையுமாக ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்போம். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். எதிர்வீட்டில் யார் என்ன துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. சில நாள் அவள் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பாள், க்கும் என்று. உங்கள் பட்டியலில் இல்லாத சிரிப்பு அது. அந்த அரைமணி நேரத்துக்குத்தான் உங்கள் மாலைப் பயிற்சி நாள் குறித்தது.

"நீ மாலையிலும் போவியா?" என்று அவளிடம் கேட்டேன். "அண்ணன் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?" என்றாள். அது ஆமா, இல்லையா? தெரிந்துகொள்ளும் வழி எனக்குத் தெரியவில்லை.

வழியை நீங்களே கொடுத்தீர்கள். "மாப்ள, பின்னாடி ஒருத்தனும் மூச்சு விடக்கூடாது. நீங்க படிச்சவர். முறைப்படி ஒரு கருத்துக்கணிப்பு நடத்துங்க. ஊரே சிரிப்புப் பக்கம்தான்னு உங்க கணக்கே சொல்லட்டும்" என்றீர்கள். சரி, பெயர் எழுதாத சீட்டில் ஆளுக்கொரு பதில் எழுதிப் பெட்டியில் போடட்டும் என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேர் இல்லாத சீட்டா? அது மொட்டைக் கடுதாசி! ஆலையில அந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கேன். தைரியம் இல்லாதவன் எழுதுறது. யார் என்ன சொன்னாங்கன்னு என் முன்னால, வாயால, பேரோட சொல்லணும். அதுதான் நாணயம்" என்றீர்கள்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. வருடா வருடம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நடத்தி, அவர்கள் வருடா வருடம் தூங்கிப்போகும் பாடம். ஆள்கள் வெளியே சொல்லத் தயங்கும் விஷயத்தைக் கேட்பதற்கு ஒரு தந்திரம் அது. கேள்வி, "சிரிப்புப் பயிற்சியை நிறுத்திவிடலாமா?" பதில் சொல்கிறவர் மறைவில் போய் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். பூ விழுந்தால், மனசில் என்ன இருந்தாலும் வெளியே வந்து "ஆம்" என்று சொல்லிவிட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். என்ன விழுந்தது என்று யாரிடமும் சொல்லக்கூடாது. அப்படியானால் ஒருவர் உங்கள் முகத்துக்கு நேராக "ஆம், நிறுத்திவிடலாம்" என்று சொன்னாலும் உங்கள் மனசு நோகத் தேவையில்லை. பாவம், பூ விழுந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். தனி ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. மொத்தக் கூட்டத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும்.

நீங்கள் யோசித்தீர்கள். "பாதிப்பேரை நாணயமே ஆம்னு சொல்லவெச்சிடுமே?"

"ஆமாம் மச்சான். அதைக் கடைசியில் கழித்துவிடலாம்."

"கழிச்சுடணும். கட்டாயம் கழிச்சுடணும். எல்லார் முன்னாலயும் நானே கழிப்பேன்" என்றீர்கள். எனக்கு அப்போதே பால்கனி டீ இனித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்துப் பொது அறையில் இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளிவைத்து, அதன் பின்னால் சுண்டும் இடம் என்று ஏற்பாடு செய்தோம். தில்லுமுல்லு இருக்கக்கூடாதென்று நாணயத்தை உங்கள் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தீர்கள். மேசைக்குப் பின்னால் பேனாவோடு நீங்கள் உட்கார்ந்தீர்கள். நம் ஜனங்களை வைத்துக்கொண்டு ஒரு அறிவியல் காரியம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தையற்கார அம்மா சுண்டிய நாணயம் அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. "தலையா பூவான்னு தெரியலையே, இப்ப நான் என்ன சொல்றது?" என்று அங்கிருந்தே கேட்டார். வேறு நாணயம் தருகிறேன் என்றேன். "வேண்டாம் விடுங்க, ஆம்னே வெச்சுக்கங்க. எதுக்கு வம்பு" என்று வெளியே வந்துவிட்டார். அவரைக் கெஞ்சி, அடியில் துடைப்பக் கட்டையை விட்டு நாணயத்தை எடுத்து, மறுபடி சுண்டவைத்தேன். ஆறாம் மாடிக்காரர் மனைவி, "அவருக்கும் சேர்த்து நானே சுண்டிட்டேன். அவருக்குப் பூ" என்று இரகசியத்தைப் போட்டு உடைத்தார். கணவர் தலையாட்டினார். அவரையும் உள்ளே அனுப்பினேன்.

பிறகு சங்கு போனார். சுண்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தார். உங்கள் முன்னால் விறைப்பாக நின்றார். "எனக்குத் தலைதான் விழுந்தது. ஆனாலும் ஆம்!" என்று அந்தக் குரலில் அறிவித்தார்.

என்ன விழுந்தது என்று சொல்லக்கூடாது என்று நான் கையை ஆட்டியது அவர் கண்ணில் படவில்லை.

"என்னய்யா சொல்றே? நீதானேய்யா இருக்கறதுலயே பெருசா சிரிக்கிறவன்?" என்றீர்கள்.

"தொண்டை புண்ணாப் போச்சு தலைவரே. நான் சிரிக்கலைன்னா வரைபடம் இறங்கிடும். இறங்கினா நீங்க முகம் வாடிப்போறீங்க. அதைப் பார்க்க முடியாமத்தான் சிரிச்சேன்."

நீங்கள் குனிந்து 'ஆம்' என்று எழுதிக்கொண்டீர்கள்.

உங்கள் தங்கை போனாள். மச்சான், அலமாரிக்குப் பின்னாலிருந்து நாணயச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஏன் இரண்டு தடவை? முதலில் விழுந்தது பிடிக்கவில்லையா? கை தவறியதா? வெளியே வந்தவள் உங்களையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த உங்கள் வரைபடத்தைப் பார்த்து "ஆம்" என்றாள். கடைசி ஆளாக நான் போனேன். நானும் "ஆம்" என்று சொன்னேன். நீங்கள் என்னை ஏறிட்டுப் பார்த்தீர்கள். பூ விழுந்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி வைத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே சிறந்த கால்மணி நேரம். அறுபத்து நான்கு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். அதில் ஆம் என்றவர்கள் ஐம்பத்தொன்பது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நீங்கள் கையமர்த்தினீர்கள். எழுந்து நின்று, கரும்பலகையில் கழித்தீர்கள். "அறுபத்து நாலுல பாதி முப்பத்திரண்டு. அது நாணயம் சொன்ன ஆம். அம்பத்தொன்பதுல முப்பத்திரண்டு போனா இருபத்தேழு. ஆக, அறுபத்து நாலு பேர்ல வெறும் இருபத்தேழு பேருக்குத்தான் பிடிக்கலை. பார்த்தீங்களா? மாப்ளயோட கணக்கே சொல்லிடுச்சு. நாமதான் ஜெயிச்சோம்! இன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிக்கிறோம்!" ஜனங்கள் பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் சிங்கச் சிரிப்புக்குக் கையைத் தூக்கியே விட்டார்கள்.

நான் எழுந்தேன். கல்யாண மண்டபத்தில் எழுந்திருக்க வேண்டியவன், அன்றைக்கு எழுந்தேன்.

"மச்சான், மேலே கழித்தீர்கள். கீழே கழிக்கவில்லையே."

"கீழயா?"

"பூ விழுந்த முப்பத்திரண்டு பேரை நாம் கேட்கவே இல்லை. அவர்கள் வாயால் நாணயம்தான் பேசியது. நாணயத்தின் 'ஆம்'களை எடுத்துவிட்டீர்கள் என்றால் நாணயத்தின் ஆட்களையும் எடுத்துவிட வேண்டும். மீதி உண்மை பேசியவர்கள் முப்பத்திரண்டே பேர். அந்த முப்பத்திரண்டில் இருபத்தேழு."

தையற்கார அம்மாதான் முதலில் கணக்குப் போட்டு முடித்தார். "அப்ப மிச்சம் அஞ்சு. முப்பத்திரண்டுல அஞ்சு பேருக்குத்தான் பிடிச்சிருக்கா?" அவர் பல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குமா?" என்றார். டாக்டர், "உங்களுக்குமா?" என்றார். அறை முழுக்க அந்த ஒரே வார்த்தை, உங்களுக்குமா உங்களுக்குமா என்று நாற்காலிக்கு நாற்காலி தாவியது. பிறகு யாரோ சிரித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத சிரிப்பு. குக்கரும் இல்லை, சிங்கமும் இல்லை. அறுபத்துச் சொச்சம் பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதை மட்டும் செல்போனில் அளக்க உங்களுக்குத் தோன்றவில்லை.

தப்பு கணக்கில்தான், மச்சான், ஆளில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் விரும்பிச் சொல்லவில்லை. யாரும் உங்களுக்குப் பயந்து சிரிக்கவில்லை. மழைநீரை இறைத்த மனுஷனிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்றுதான் சிரித்தார்கள். பயந்திருந்தால் பேர் போடாமல் அறிவிப்புப் பலகையிலேயே கிறுக்கியிருப்பார்கள். ஆனால் நீங்கள் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கு வந்த மதிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லிஃப்டில் எனக்கு வழி விடுகிறார்கள். எண்ணுவதற்குப் படித்தவனைத் தேடி வரிசையில் வருகிறார்கள். பல் டாக்டர் வந்தார். "என்கிட்ட வர்ற நோயாளி ஒருத்தர்கூட வலிக்குதுன்னு சொன்னதில்ல சார்" என்றார். எப்போது கேட்பீர்கள் என்றேன். "வேலை பார்க்கும்போதுதான்." வாயில் கருவியை வைத்துக்கொண்டா என்றேன். அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். தையற்கார அம்மா, தன்னிடம் வருகிற வாடிக்கையாளர் எல்லோரும் தைப்பதைப் புகழ்கிறார்கள், ஆனால் தொழில் படுத்துவிட்டது, ஏன் என்று கேட்டார். திரும்பி வராதவர்களைப் போய்க் கேளுங்கள் என்றேன். போய்க் கேட்டார். கைக்குழி இறுக்கமாம். ஒரு அங்குலம் தளர்த்தினார். இப்போது அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. என் பாடம் மனுஷங்களுக்கு ஒத்துவராது என்றீர்களே, வந்து பாருங்கள்.

இவ்வளவு ஜெயித்தவன் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் கணக்கு உதைக்கிறது. மாலை அரைமணி நேரத்தைக் காப்பாற்றிவிட்டேன். பால்கனியில் இரண்டு நாற்காலியும் இருக்கிறது, டீயும் வருகிறது. அவளும் வருகிறாள், காதில் போனோடு. அந்த அரைமணி முழுக்க உங்களோடுதான் பேச்சு. "சாப்டீங்களாண்ணா? மாத்திரை போட்டீங்களா? மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. யாரு, இவரா? இங்கதான் உட்கார்ந்திருக்கார். குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கார். டீதாண்ணா." நீங்கள் இங்கே இருந்தபோது நான் உங்களுக்கு மாலையைக் கொடுக்கப் பயந்தேன். இப்போது தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். "உனக்கு நிஜமாவே பிடிக்கலையா, இல்ல பூவா?" என்றேன்.

"அதைச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

"நான் உன் புருஷன்."

"அலமாரிக்குப் பின்னாடி புருஷன் பொண்டாட்டி எல்லாம் கிடையாது."

ஆம் என்று சொன்ன ஒருவருக்கு நிஜமாகவே பயிற்சி பிடிக்காமல் இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. என் மாணவன்கூட இதைக் கணக்கிட்டுவிடுவான். ஆனால் மச்சான், நான் பத்துப் பேரைக் கட்டிக்கொள்ளவில்லையே. கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊருக்கே வழி சொன்னவன், பக்கத்து நாற்காலியைப் பற்றித் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். போதாக்குறைக்கு வீட்டில் எதைக் கேட்டாலும் இப்போது இதே பதில்தான். இன்றைக்கு நான் பண்ணின குழம்பு எப்படி என்றால், ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்கிறாள்.

ஆகவே, நீங்கள் கேட்டதற்கு என் பதில். எனக்கு உங்கள் பயிற்சி பிடிக்கவில்லை. முதல் நாள் முதல் பிடிக்கவில்லை. குக்கர் பிடிக்கவில்லை, செல்போன் பிடிக்கவில்லை, சிங்கம் அறவே பிடிக்கவில்லை. எனக்கு விழுந்தது தலைதான், நான் சொன்னது உண்மைதான். கைப்பட எழுதியாயிற்று. இனி நீங்கள் திரும்பி வருவதும் வராததும் உங்கள் விருப்பம். ஆனால் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது, லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று யோசிக்கிறது, சங்கு தொண்டை ஆறியும் உங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார். 'இல்லை' என்று சொன்ன அந்த ஐந்து பேரும் இன்னும் காலையில் முற்றத்துக்கு வந்து தலைவர் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். விருப்பப்பட்ட ஐந்து பேருக்குத் தலைமை தாங்குவது, விருப்பமில்லாத அறுபது பேருக்குத் தாங்குவதைவிடப் பெரிய கௌரவம் என்பது என் தொழில்முறைக் கருத்து.

உங்கள் மருமகளுக்கு... இல்லை, மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. எழுத எழுத உறவுமுறைகூடக் குழம்புகிறது, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். அவர்களுக்குச் சிங்கச் சிரிப்பைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், பற்கள் விழும் வயது. உங்கள் முழங்காலுக்கு எல்லா நலமும் வேண்டி முடிக்கிறேன்.

பி.கு. உறையை ஒட்டப்போகும் சமயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, முதல் வரிக்கும் முன்னால், நான் ஒரு நாணயத்தைச் சுண்டினேன். அலமாரிக்கு அடியில் ஓடியதே, அதே நாணயம்தான், உங்களுடையது, திருப்பித் தர மறந்துவிட்டேன். பூ விழுந்தால், மனசில் என்ன இருந்தாலும், உங்கள் பயிற்சி அறவே பிடிக்காதவனாகவே கடைசிவரை எழுதிவிடுவது, தலை விழுந்தால் உண்மையை எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். என்ன விழுந்தது என்று சொல்லமாட்டேன். ஆக, மேலே எழுதியிருப்பதை வைத்து என்னைப் பற்றி ஒரு முடிவுக்கும் நீங்கள் வர முடியாது. காலை ஆறு மணிக்கு எனக்கு இப்போதும் தானாகவே விழிப்பு வருகிறது என்பதையும், முற்றத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் வைத்து ஏதாவது முடிவுக்கு வந்தால் அது உங்கள் பொறுப்பு. நேரில் வந்து கேளுங்கள். சாயங்காலம் வராதீர்கள், காலையில் வாருங்கள். உங்கள் தங்கை பக்கத்தில் நின்று இதைப் படித்துவிட்டு, க்கும் என்று மூக்கால் சிரித்தாள். போன் அவள் கையில் இல்லை. "கையெழுத்து?" என்று காகிதத்தின் அடியைத் தொட்டுக் காட்டுகிறாள். பேர் இல்லாமல் எழுதுகிறவன் தைரியமில்லாதவன் என்பீர்கள். உங்களை மச்சான் என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை, அவன் யார் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு நாணயம் தேவைப்படாது. இருந்தாலும் ஊருக்குக் கொடுத்த மறைவிடத்தை எனக்கும் கொடுத்துக்கொள்கிறேன். இத்துடன் பேனாவை மூடுகிறேன். கையெழுத்துப் போடாமலேயே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.